இருதயக் கதவுகளும் இரத்த அழுத்தமும்

செமினி பட்டணத்தை அடுத்த மலைப்பகுதியில் அமைந்திருக்கும் செமினி அணைக்கட்டை நம்மில் பலர் அறிவோம். அங்குத் தேக்கப்படும் நீர் நேராக வீட்டுக் குழாய்களுக்குச் செல்வதில்லை. அது செமினி ஆற்றில் விடப்பட்டு, வெகுதூரம் கீழே ஜெண்டராம் ஹிலிரில் உள்ள நிலையத்தில் எடுத்துச் சுத்திகரிக்கப்படுகிறது. ஆற்றில் நீர் குறைந்தால் அணையிலிருந்து கூடுதலாகத் திறந்துவிடுவர். மழையால் ஆறு நிறைந்தால் திறப்பைக் குறைப்பர். ஓட்டத்தை ஒழுங்குபடுத்துவதே இவ்வணையின் பணி.

நமது உடலிலும் இத்தகையதோர் ஒழுங்குமுறை அல்லும் பகலும் நடைபெற்று வருகிறது. அது எவ்வாறு இயங்குகிறது, இருதயத்தின் கதவுகள் பழுதடைந்தால் அவ்வொழுங்குமுறை எவ்வாறு நமக்கே சுமையாகிறது என்பதை இங்குக் காண்போம்.

நான்கு கதவுகள்

இருதயம் ஏறத்தாழ அவரவர் கைமுட்டி அளவே உள்ளது. ஓய்வாக இருக்கும்போது அது நிமிடத்திற்குச் சுமார் 5 லிட்டர் இரத்தத்தை வெளியேற்றுகிறது. ஒரு நாளில் ஏறக்குறைய ஒரு லட்சம் முறை துடிக்கிறது. அதனுள் ‘வால்வு’ எனப்படும் நான்கு கதவுகள் உள்ளன. இரத்தத்தை முன்னோக்கி விடுவதும், பின்னோக்கித் திரும்பாது தடுப்பதுமே அவற்றின் வேலை.

இக்கதவுகளுக்கு இருவகைக் கேடுகள் நேரலாம். தடித்து ஒட்டிக்கொண்டு சரிவரத் திறவாமை ஒன்று. அதனைச் சுருக்கம் என்பர். சரிவர மூடாமல் இரத்தம் பின்னோக்கி வழிவது மற்றொன்று. அதனைக் கசிவு என்பர். ஒரே கதவில் இவ்விரண்டும் சேர்ந்திருப்பதும் உண்டு.

அழுத்தத்தைக் காக்கும் காவலர்கள்

பால் வெட்டும் தொழிலாளி மரத்தின் அடியில் குந்தி வெட்டிவிட்டுச் சட்டென எழுந்து நிற்கிறார். அக்கணமே இரத்தம் கால்களை நோக்கி இறங்குகிறது. ஆயினும் அவர் மயங்கி விழுவதில்லை. ஏன்? கழுத்துத் தமனியிலும், இருதயத்திலிருந்து புறப்படும் பெருந்தமனியின் வளைவிலும் அழுத்தத்தை உணரும் நரம்பு முனைகள் உள்ளன. அழுத்தம் தாழ்ந்ததும் அவை மூளையின் அடிப்பகுதிக்குச் செய்தி அனுப்புகின்றன. உடனே இருதயத் துடிப்பு விரைவடைகிறது. இரத்தக் குழாய்கள் இறுகுகின்றன. சில வினாடிகளில் அழுத்தம் சீராகிறது.

இது விரைவுக் காவல். சிறுநீரகங்களோ பொறுமையாக, மணிக்கணக்கிலும் நாள் கணக்கிலும் காவல் புரிகின்றன. தமக்கு வரும் இரத்தம் குறைந்தால் அவை ‘ரெனின்’ என்னும் பொருளைச் சுரக்கின்றன. 1898 ஆம் ஆண்டு கண்டறியப்பட்ட இப்பொருள், குழாய்களை இறுக்கும் வேறொரு பொருள் உருவாக வழிசெய்கிறது. உப்பும் நீரும் சிறுநீரில் வெளியேறாமல் உடலிலேயே தங்கச் செய்கிறது. இரத்தத்தின் அளவு பெருகி அழுத்தம் உயர்கிறது. இரத்தம் இழந்தவரையும் தாகத்தால் வாடியவரையும் காப்பது இந்த ஏற்பாடே.

உதவியே சுமையாகும் விதம்

மீண்டும் ஆற்றை நினைத்துப் பார்ப்போம். கீழே நீர் குறைந்ததற்குக் காரணம் மழையின்மை அன்று; ஆற்றின் நடுவே மரங்கள் விழுந்து அடைத்துக்கொண்டன என்று வைத்துக்கொள்வோம். அதை அறியாது அணையை மேலும் திறந்துவிட்டால் என்னாகும்? அடைப்புக்கு மேலேயுள்ள ஊர்கள் வெள்ளத்தில் மூழ்கும்.

கதவு பழுதுற்ற உடலில் நிகழ்வதும் இதுவே. இருதயத்திலிருந்து வெளிவரும் இரத்தம் குறைகிறது. இரத்தமே போதவில்லை என்று கருதிச் சிறுநீரகங்கள் உப்பையும் நீரையும் தேக்குகின்றன. தேங்கிய நீர் பழுதடைந்த கதவுக்குப் பின்புறம் சேர்கிறது. இடப்புறக் கதவானால் நுரையீரலில் நீர் தங்கி மூச்சிரைக்கிறது. நாளடைவில் வலப்புறமும் தளர்ந்து கால்கள் வீங்குகின்றன. இந்நோயாளிக்கு மருத்துவர் நீர் மாத்திரை கொடுத்து, உப்பைக் குறைக்கச் சொல்வதன் பொருள் இப்போது விளங்கும்.

இரத்தக் கொதிப்பும் இதனுடன் சேர்ந்தால் நிலைமை மேலும் மோசமாகும். அழுத்தம் கூடினால், கசியும் கதவின் வழியே பின்னோக்கி வழியும் இரத்தமும் கூடும். 2023 ஆம் ஆண்டு நடந்த தேசிய சுகாதார ஆய்வின்படி, நம் நாட்டில் வயது வந்தோரில் ஏறத்தாழப் பத்தில் மூவருக்கு இரத்தக் கொதிப்பு உண்டு.

தொண்டை வலியில் தொடங்கும் கேடு

முதுமையில் கதவுகளில் சுண்ணாம்புச் சத்துப் படிந்து இறுகுவதுண்டு. ஆனால் இளம் வயதினரின் கதவுகளைக் கெடுப்பது பெரும்பாலும் வாதக் காய்ச்சலே. பெரும்பாலும் 5 முதல் 15 வயதுப் பிள்ளைகளையே இது தாக்குகிறது. ஒருவகைக் கிருமியால் தொண்டை வலி உண்டாகி ஆறிவிடுகிறது. இரண்டு மூன்று வாரங்களில் காய்ச்சலும், ஒரு மூட்டிலிருந்து மற்றொரு மூட்டுக்குத் தாவும் வலியும் தோன்றுகின்றன. கிருமியை எதிர்க்க எழுந்த உடலின் படையே, ஆள் மாறித் தன் இருதயக் கதவுகளைத் தாக்குகிறது. நெருக்கமான குடியிருப்புகளில் இக்கிருமி எளிதில் பரவும். லயத்து வீடுகளில் வளர்ந்த தலைமுறையினர் இதனை நன்கு உணர்வர்.

மூட்டு வலி மறைந்துவிடும்; கதவின் தழும்பு மறையாது. பல ஆண்டுகள் அது வெளித்தெரியாமல் இருக்கலாம். பின்னர் ஒரு பெண் கருவுற்று, உடலில் இரத்த அளவு ஏறத்தாழப் பாதியளவு கூடும்போது முதன்முறையாக மூச்சுத் திணறும். அதனை ‘இரத்தம் போதவில்லை’ என்றோ ‘கர்ப்பக் களைப்பு’ என்றோ ஒதுக்கிவிடுவது தாய்க்கும் சேய்க்கும் ஆபத்தாகும்.

சிகிச்சை முறைகள்

சுருங்கிய கதவைச் சிறு பலூன் செலுத்தி விரிக்கும் முறையை ஜப்பானிய மருத்துவர் கான்ஜி இனோவே 1980 களில் அளித்தார். முற்றிலும் கெட்ட கதவை அகற்றிச் செயற்கைக் கதவு பொருத்தலாம். இந்தியாவில் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையத்தில் உருவான செயற்கை வால்வு 1990 ஆம் ஆண்டு முதன்முதலாக நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. நம் நாட்டில் 1992 ஆம் ஆண்டு கோலாலம்பூரில் தொடங்கப்பெற்ற தேசிய இருதய நிலையம் இத்தகைய சிகிச்சைகளை அளித்து வருகிறது. உலோகத்தாலான கதவு பொருத்தப்பெற்றவர் இரத்தம் உறையாதிருக்க ஆயுள் முழுதும் மருந்துண்ண வேண்டும். இடையே நிறுத்தினால் கதவில் இரத்தம் கட்டி உயிருக்கே கேடு விளையும்.

நாம் செய்யத்தக்கவை

பிள்ளைக்குக் காய்ச்சலுடன் தொண்டை வலி கண்டால் சுகாதார நிலையத்திற்கு அழைத்துச் செல்லுங்கள். மருத்துவர் கொடுக்கும் கிருமிநாசினி மருந்தை, வலி தணிந்துவிட்டதென்று பாதியில் நிறுத்தாதீர்கள். வாதக் காய்ச்சல் கண்ட பிள்ளைக்கு மூன்று அல்லது நான்கு வாரங்களுக்கு ஒருமுறை பெனிசிலின் ஊசி போடச் சொல்வார்கள். பிள்ளை ஓடியாடி விளையாடுகிறதே என்று அதனைத் தவறவிடலாகாது. நோய் மீண்டும் வருந்தோறும் கதவின் கேடு மிகும்.

பெரியவர்கள் அழுத்தத்தை அவ்வப்போது அளந்துகொள்ளுங்கள். நாளொன்றுக்கு உப்பு ஒரு தேக்கரண்டிக்கு மேற்படாதிருக்கட்டும். கருவாடு, ஊறுகாய், பெலாச்சான், சோயா ஆகியவற்றில் உள்ள உப்பும் இக்கணக்கில் சேரும். மாடியேறும்போது மூச்சிரைத்தாலோ, இரவில் தலையணையை உயர்த்தினால்தான் உறக்கம் வரும் என்றாலோ, மாலையில் கால் வீங்கினாலோ உடனே மருத்துவரைக் காணுங்கள்.

அடைப்பு எங்கே என்று அறியாமல் அணையைத் திறப்பது உடலின் இயல்பு. அடைப்பை அறிந்து அகற்ற மருத்துவரால் இயலும். காலத்தோடு அவரிடம் செல்வதே நம் கடமை.