ஹட்யாய் போய் வந்த கையோடு: வீட்டுப் பிள்ளைகளோடு சயாம் சமையல்

பள்ளி விடுமுறையில் புக்கிட் காயு ஹீத்தாமில் சயாம் எல்லையைத் தாண்டிப் போய்வரும் பிள்ளைகள், ஹட்யாயில் தின்றதை வீட்டிலும் கேட்பார்கள். கடையில் தோம்யாம் பசைப் பொட்டலம் வாங்கிக் கொதிக்கவைத்துக் கொடுத்துவிடலாம்தான். ஆனால் ஈஜோக், புக்கிட் ரோத்தான், பெஸ்தாரி ஜெயா (பழைய பத்தாங் பெர்ஜுந்தை) பக்கத்துத் தோட்ட வீடுகளில் வேண்டியதில் முக்கால்வாசி கொல்லையிலேயே நிற்கிறது: செராய், லெங்குவாஸ், லீமாவ் பூருட், பப்பாளி, ஊசி மிளகாய். பொட்டலத்தைப் பிரிப்பதில் பிள்ளைக்கு வேலையில்லை. கொல்லைக்குப் போய்ப் பறிப்பதில் இருக்கிறது.

செய்ய வேண்டியவை

பப்பாளியில் தொடங்குங்கள். சொம்தாம் என்னும் பச்சைப் பப்பாளிக் கலவைக்கு அடுப்பே வேண்டாம், அதனால் முதல் பாடத்துக்கு இதைவிட நல்லது இல்லை. சயாம்காரர்கள் மண் உரலில் மர உலக்கையால் மெதுவாக இடிப்பார்கள். நம் வீட்டுக் கல் உரலில் அதைச் செய்தால் பப்பாளி சட்னியாகிவிடும். பூண்டு, மிளகாய், கூலா மலாக்கா மூன்றையும் மட்டும் கல்லில் நசுக்கி, சீவிய பச்சைப் பப்பாளி, பயற்றங்காய், தக்காளி, வறுத்த கச்சான் எல்லாவற்றையும் ஒரு பேசினில் போட்டு மரக்கரண்டியால் அழுத்திப் பிசறச் சொல்லுங்கள்.

ருசி பார்க்கும் பொறுப்பைப் பிள்ளைகளிடமே கொடுங்கள். நம் குழம்பில் உப்பும் புளியும் முன்கூட்டியே போய்விடும். அளவு அம்மாவின் கையில் இருக்கும். சயாம் சமையலில் புளிப்பு, உப்பு, இனிப்பு, காரம் நான்கையும் கடைசியில்தான் சரிசெய்வார்கள். ஒரு கரண்டி கொடுத்து, “என்னம்மா குறையுது?” என்று கேளுங்கள். எட்டு வயதுப் பிள்ளைக்கும் நாக்கு இருக்கிறது. மீன் சாஸை மட்டும் சொட்டுச் சொட்டாக விடச் சொல்லுங்கள், ஊற்றியதைத் திரும்ப எடுக்க முடியாது.

தோம்யாமுக்கு இறால் வேண்டுமென்றால் பாசிர் பெனாம்பாங்கில் வாங்கிக்கொள்ளுங்கள். ஓட்டை உரிப்பது பிள்ளைகள் வேலை, தலையைத் தூக்கியெறியாமல் பார்த்துக்கொள்வது உங்கள் வேலை. அந்தத் தலைகளைக் கொஞ்சம் எண்ணெயில் வதக்கி நசுக்கினால் எண்ணெய் செம்மஞ்சளாக மாறும். அதில் தண்ணீர் ஊற்றிக் கொதிக்கவைத்து வடிகட்டினால் சூப்புக்கு அதுவே போதும். எலுமிச்சைச் சாற்றை அடுப்பை அணைத்த பிறகே பிழியுங்கள். கொதியில் பிழிந்தால் மணம் போய்விடும்.

சயாம் பச்சைக் கறிக் குழம்புக்குச் சந்தையில் பிழிந்து தரும் கெட்டித் தேங்காய்ப் பால் வாங்குங்கள். பால் திரியக்கூடாது என்று நம் பாட்டிமார் சொல்லிக் கொடுத்தது இங்கே செல்லாது: முதல் பாலை எண்ணெய் பிரியும்வரை காய்ச்சி, அந்த எண்ணெயில்தான் அரைத்த மசாலாவை வதக்க வேண்டும். பெட்டிப் பால் பெரும்பாலும் பிரிய மறுக்கும். பிரியாமல் இருப்பதற்கென்றே அதில் பொருள் சேர்க்கிறார்கள்.

மாம்பழத்தோடு தின்னும் புளூட் அரிசியை இரவே ஊறவைத்து, இட்லிப் பானையில் துணி விரித்து ஆவியில் வேகவையுங்கள். வெந்ததும் சூடாகவே, சீனியும் உப்பும் கரைத்த தேங்காய்ப் பாலை ஊற்றி மூடிவைத்தால் அரிசி எல்லாவற்றையும் குடித்துவிடும்.

வீட்டில் வயதான தாத்தா பாட்டி இருந்தால் இடிக்கும்போது பக்கத்தில் உட்காரவையுங்கள். சயாம் என்ற பெயர் அவர்களுக்கு வேறொன்றை நினைவூட்டும். 1942, 1943இல் ஜப்பானியர்கள் நம் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்களைச் சயாம் – பர்மா ரயில் பாதை போடக் கொண்டுபோனார்கள். 415 கிலோமீட்டர் பாதை அது. போனவர்களில் ஏராளமானோர் திரும்பவில்லை. தாத்தா பாட்டி அந்தக் கதையைச் சொல்ல ஆரம்பித்தால் உலக்கையை நிறுத்திவிட்டுக் கேளுங்கள். சமையல் கொஞ்சம் தாமதமாகட்டும்.

செய்யக்கூடாதவை

சாமி துளசியைப் பறித்துக் கோழிக் கறியில் போடாதீர்கள். ‘பாட் கப்ராவ்’ என்று ஹட்யாயில் தின்றீர்களே, அதில் மணந்த இலை நம் துளசி இனமேதான். மாடத்துத் துளசி இறைச்சிச் சட்டிக்குள் போவதைப் பார்த்தால் பாட்டிக்குப் பொறுக்காது, அவர் பக்கம்தான் நியாயமும். சமையலுக்கென்று தனியே ஒரு தொட்டியில் வளர்த்துக்கொள்ளலாம்.

வெள்ளிக்கிழமைச் சைவச் சமையலில் மீன் சாஸையும் சிப்பி சாஸையும் மறந்துபோய் ஊற்றாதீர்கள். காய்கறி மட்டும் போட்டதால் சைவமாகிவிடாது. சோயா சாஸும் உப்பும் அந்த இடத்தை ஓரளவு நிரப்பும்.

ஊசி மிளகாயைச் சின்னப் பிள்ளைகளிடம் கொடுக்காதீர்கள். பெரியவர்கள் நறுக்கினாலும் கையில் முதலில் எண்ணெய் தேய்த்து, பிறகு சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். காரம் தண்ணீரில் கரையாது. வாய் எரிந்தால் பச்சைத் தண்ணீர் வேண்டாம், தயிர் கொடுங்கள்.

கச்சானோ இறாலோ ஒத்துக்கொள்ளாத பிள்ளை விருந்துக்கு வந்தால், தன் தட்டில் மட்டும் ஒதுக்கித் தின்னச் சொல்லாதீர்கள். அன்றைக்கு யார் தட்டிலும் அது வேண்டாம்.

செடி, விதை, கிளைத்துண்டு எதையும் ஹட்யாயிலிருந்து பையில் ஒளித்துக் கொண்டுவராதீர்கள். அனுமதிப் பத்திரம் இல்லாமல் கொண்டுவந்தால் எல்லையில் அதிகாரிகள் பறிமுதல் செய்வார்கள், வழக்கும் வரலாம். செராய்க்குப் பக்கத்து வீட்டு அக்காவிடம் ஒரு குத்துக் கேட்டால் போதும்.

“அங்கே மாதிரி இல்லையே” என்று சாப்பாட்டு மேசையில் யாரும் சொல்லக்கூடாது, முக்கியமாக அப்பாக்கள். தேங்காய்ப் பால் ஊற்றியதில் மிச்சமிருந்தால் நம் ஊர் வெக்கையில் சாயங்காலம்வரை மேசையில் வைக்காமல், ஆறியதும் குளிர்ப்பெட்டிக்குள் தள்ளிவிடுங்கள். மறுநாள் காலையில் பள்ளிக்கு அதைக் கட்டிக் கொடுக்கவும் வேண்டாம்.