உறக்கத்தைக் கடையில் வாங்க முடியுமா?

சாவை உறக்கத்துக்கும் பிறப்பை விழிப்புக்கும் ஒப்பிட்டார் வள்ளுவர். அப்படிப் பார்த்தால், தேர்வு வாரத்தில் நம் விடுதிகளில் ஒழுங்காகப் பிறப்பவர்கள் மிகக் குறைவு! விடிய விடியக் கோப்பி குடிப்பதும், பிறகு தூக்கம் வராமல் மாத்திரை தேடுவதும் நம்மில் பலருக்குப் பழகிப்போன கதை. மருத்துவர் சீட்டு இல்லாமல் கிடைக்கும் தூக்க மருந்துகளையும் வீட்டு வைத்தியங்களையும் பற்றி நான் படித்தறிந்தவற்றை இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

இதைப் படிக்கத் தூண்டியவர் என் அம்மா. தொழிற்சாலையில் அவருக்கு இரவு வேலை. காலையில் வீடு திரும்பியதும் மஞ்சள் நிறச் சளி மாத்திரை ஒன்றைப் போட்டுக்கொண்டு படுப்பார். மாத்திரைப் பெட்டியில் மலாயும் ஆங்கிலமும்தான் இருந்தன. அம்மா படித்ததோ தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை. "தூக்கம் வருதுல்ல, அது போதும்" என்பார். தமிழ்ப்பள்ளியில் தொடங்கித் தேசிய இடைநிலைப்பள்ளியில் தொடர்ந்த எனக்கு மூன்று மொழியும் தெரியும். அந்தப் பெட்டியைத் தமிழில் சொல்வது என் வேலை என்று நினைத்தேன்.

உறக்கம் எப்படி வருகிறது?

நாம் விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்கிறது. சேரச் சேரக் கண் சொக்கும். இன்னொரு பக்கம், இருட்டியதும் மெலடோனின் சுரந்து, இரவு வந்துவிட்டது என்று உடலுக்கு அறிவிக்கிறது. இவை இரண்டும் ஒத்துழைத்தால் நல்ல உறக்கம் வரும். கோப்பியிலும் தேநீரிலும் உள்ள காஃபின் அடினோசினின் வழியை மறிக்கிறது. குடித்த காஃபினில் பாதி வெளியேறவே ஏறக்குறைய 5 மணி நேரம் ஆகும். படுப்பதற்கு 6 மணி நேரம் முன்பு 400 மில்லிகிராம் காஃபின் எடுத்தவர்களின் உறக்கம் ஒரு மணி நேரத்துக்கு மேல் குறைந்ததாக 2013இல் வெளிவந்த ஆய்வு ஒன்று கூறுகிறது. மாமாக் கடையில் இரவு பத்து மணிக்குத் தே தாரிக் குடிக்கும் நண்பர்கள் கவனிக்க!

மருந்தகத்தில் கிடைப்பவை

தூக்கத்துக்காகப் பலர் வாங்குபவை உண்மையில் ஒவ்வாமை மருந்துகளே. குளோர்பெனிரமின், டைபென்ஹைட்ரமின் ஆகியவை அவ்வகை. மூளையை விழிப்பாக வைத்திருக்கும் ஹிஸ்டமினை இவை தடுப்பதால் மயக்கம் வருகிறது. ஆனால் சில நாள்களிலேயே உடல் பழகிவிடும். தூக்கம் வராது, வாய் வறட்சியும் மலச்சிக்கலும் மட்டும் மிஞ்சும். கண் நீர் அழுத்த நோய் உள்ளவர்களும் முதியவர்களும் இவற்றை மருத்துவரைக் கேட்காமல் எடுக்கவே கூடாது.

அம்மாவின் மஞ்சள் மாத்திரை குளோர்பெனிரமின். பெரியவர்களின் உடலிலிருந்து அதில் பாதி வெளியேற ஏறக்குறைய 20 மணி நேரம் ஆகலாம். காலை ஒன்பது மணிக்குப் போட்ட மருந்தில் பெரும்பகுதி, மாலையில் அவர் மோட்டார் சைக்கிளில் வேலைக்குக் கிளம்பும்போதும் உடலில் இருக்கிறது! இதைத் தமிழில் விளக்கிய பிறகுதான் அம்மா பெட்டியைத் தள்ளி வைத்தார். என்னுடன் மருந்தாளுநரைப் பார்க்கவும் வந்தார்.

மெலடோனின் மாத்திரை தூங்க வைக்கும் மருந்தன்று. நேரத்தை அறிவிக்கும் மணி போன்றது. நெடுந்தூர விமானப் பயணத்தில் குழம்பிய உடல் கடிகாரத்துக்கு அது உதவும். அமெரிக்காவில் அது சத்துணவுப் பொருளாக விற்கப்படுகிறது. பிரிட்டனில் மருத்துவர் சீட்டு வேண்டும். கனடாவில் வாங்கிய 31 மெலடோனின் பொருள்களைச் சோதித்து 2017இல் வெளியான ஆய்வில், பெரும்பாலானவற்றில் எழுதியிருந்த அளவும் உள்ளே இருந்த அளவும் ஒத்துப்போகவில்லை. இணையத்தில் வாங்குமுன் இதை எண்ணிப் பாருங்கள்.

பாட்டி வைத்தியம்

வெதுவெதுப்பான பால் மனத்துக்கு இதம் தரும்; ஆனால் ஒரு குவளையில் உள்ள டிரிப்டோபன் தூங்க வைக்கும் அளவுக்குப் போதாது. பாலில் ஒரு சிட்டிகை ஜாதிக்காய் சேர்ப்பது நம் வழக்கம். சிட்டிகை கரண்டியானால் ஆபத்து: படபடப்பும் பிரமையும் உண்டாகும். கசகசா சாப்பிட்டவரின் சிறுநீர்ச் சோதனையில் மார்பின் தென்படக்கூடும். சிங்கப்பூருக்குள் அதைக் கொண்டு செல்வதே தடை.

அமுக்கராக் கிழங்கின் அறிவியல் பெயரிலேயே 'உறக்கம் தருவது' என்ற பொருள் உண்டு. 400 பேர் பங்கேற்ற ஐந்து ஆய்வுகளை 2021இல் தொகுத்துப் பார்த்தபோது சிறிதளவு பலன் தெரிந்தது. எனினும் அரிதாகக் கல்லீரல் பாதிப்பும் பதிவாகியுள்ளது. டென்மார்க் 2023இல் அதைத் தடைசெய்தது. இயற்கையானது என்பதாலேயே ஒன்று தீங்கற்றது ஆகிவிடாது.

செலவில்லாத வைத்தியம் வெந்நீர். படுப்பதற்கு ஒன்று இரண்டு மணி நேரம் முன்பு 40 பாகை செல்சியஸ் சூட்டில் குளித்தால் கைகால்களில் இரத்த ஓட்டம் கூடி, பிறகு உடலின் உள்வெப்பம் தணியும். சராசரியாகப் பத்து நிமிடம் முன்னதாகவே உறக்கம் வரும் என்று 2019ஆம் ஆண்டின் ஆய்வுத் தொகுப்பு ஒன்று காட்டியது.

நாம் செய்யக்கூடியவை

நாள்பட்ட தூக்கமின்மைக்கு டைபென்ஹைட்ரமின், மெலடோனின் இரண்டையுமே பரிந்துரைக்கவில்லை அமெரிக்க உறக்க மருத்துவக் கழகம் 2017இல் வெளியிட்ட வழிகாட்டி. பழக்கத்தையும் எண்ணத்தையும் திருத்தும் சிகிச்சையையே மருத்துவர்கள் முதலில் நாடுகின்றனர். அதன் சாரம் எளிது:

1. தினமும் ஒரே நேரத்தில் எழுங்கள், விடுமுறையிலும்.
2. படுக்கை உறங்குவதற்கு மட்டுமே. பாடநூலும் கைப்பேசியும் மேசையில் இருக்கட்டும்.
3. இருபது நிமிடமாகியும் தூக்கம் வராவிட்டால் எழுந்து அமருங்கள். கண் சொக்கியபின் படுங்கள்.
4. இரவு வேலை செய்பவர்கள் பகலில் அறையை இருட்டாக்குங்கள். எங்கள் வீட்டுச் சன்னலில் இப்போது கறுப்புத் திரை தொங்குகிறது.

மருந்து வாங்கினால் பெட்டியில் 'எம்ஏஎல்' என்று தொடங்கும் பதிவெண் உள்ளதா என்று பாருங்கள். பாரம்பரிய மருந்துக்கும் அது தேவை. வேறு மருந்து எடுப்பவர்கள் அதை மருந்தாளுநரிடம் சொல்லுங்கள். குறட்டையோடு மூச்சுத் திணறினாலோ, தூக்கமின்மை வாரக்கணக்கில் நீடித்தாலோ மருத்துவரைப் பாருங்கள்.

தோழர்களே, அடுத்த விடுமுறையில் ஊருக்குப் போனதும் வீட்டு மருந்துப் பெட்டியைத் திறந்து பாருங்கள். அதில் எழுதியிருப்பதை அம்மாவுக்கும் பாட்டிக்கும் தமிழில் படித்துச் சொல்லுங்கள். நாம் கற்ற மொழிகளுக்கு அதைவிட நல்ல பயன் வேறென்ன?