வேணிக்கு எந்தக் கல்லூரி?

மூணாறு, கேரளத்தில் இடுக்கி மாவட்டத்தில் இருக்கிறது. சுற்றிலும் தேயிலைத் தோட்டங்கள். அங்கே வேலை செய்பவர்களில் பலர் தமிழர்கள். அப்படி ஒரு தோட்டத்து லயத்தில் வாழும் குடும்பத்தின் கதை இது.

மாரியம்மா கொழுந்து பறிக்கிறார். அவர் மகள் வேணி பன்னிரண்டாம் வகுப்பு தேறிவிட்டாள். வேணி நன்றாக ஓடுவாள். 400 மீட்டர் தடை தாண்டும் ஓட்டத்தில் மாவட்டத்தில் முதல் பரிசு. மாநிலப் போட்டியில் மூன்றாம் பரிசு.

ஒருநாள் மாலை பி.டி. சார் வீட்டுக்கு வந்தார்.

“அக்கா, வேணிக்கு இரண்டு கல்லூரியில் விளையாட்டு ஒதுக்கீட்டில் இடம் கிடைக்கும். எது நல்லது என்று நீங்கள்தான் நேரில் பார்க்க வேண்டும்.”

“எனக்கு என்ன சார் தெரியும்?”

“கேட்கத் தெரிந்தால் போதும். வல்சம்மா என்று ஒருவர். கண்ணூர் மாவட்டத்துக் கிராமத்துப் பெண். பள்ளியிலேயே ஓடியவர்தான். ஆனால் பாலக்காடு மெர்சி கல்லூரிக்குப் போன பிறகுதான் தடை ஓட்டத்தில் முழுமூச்சாக இறங்கினார். 1982இல் டெல்லி ஆசியப் போட்டியில் 400 மீட்டர் தடை ஓட்டத்தில் தங்கம் வாங்கினார். கல்லூரி சரியாக அமைவது பெரிய விஷயம், அக்கா.”

அன்று இரவு மாரியம்மா ஒரு நோட்டை எடுத்தார். எழுத்தறிவு வகுப்பில் தமிழ் எழுதக் கற்றவர் அவர். மனதில் தோன்றிய கேள்விகளை எல்லாம் எழுதினார். எழுத்து கோணல்மாணலாக இருந்தது. ஆனால் கேள்விகள் நேராக இருந்தன.

முதல் கல்லூரி மிகப் பெரியது. சிவப்பு நிறத்தில் சிந்தெடிக் தடம். வேணி அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். மழை பெய்தாலும் சேறாகாது. அவள் பள்ளியில் ஓடியது மண் தரையில்.

அலுவலகத்தில் இருந்தவர் சொன்னார்: “கட்டணம் வேண்டாம். ஹாஸ்டல் இலவசம். ஷூவும் தருவோம். இங்கே கையெழுத்துப் போடுங்கள். ஒரிஜினல் சர்டிபிகேட்டைக் கொடுத்துவிட்டுப் போங்கள்.”

படிவம் ஆங்கிலத்தில் இருந்தது. “படித்துச் சொல்லு வேணி” என்றார் அம்மா. வேணி ஒவ்வொரு வரியாகப் படித்துத் தமிழில் சொன்னாள். ஒன்பதாவது வரியில் நின்றுவிட்டாள். எந்தக் காரணத்தினாலும் ஓர் ஆண்டு போட்டியில் கலந்துகொள்ளாவிட்டால், அதுவரை உள்ள கட்டணம் முழுவதையும் கட்ட வேண்டுமாம்.

“காலில் அடிபட்டால்?”

“அதெல்லாம் பார்த்துக்கொள்ளலாம் அம்மா.”

“அதை எழுதித் தருவீர்களா?”

அவர் சிரித்தார். எழுதித் தரவில்லை. தடை ஓட்டத்துக்குப் பயிற்சியாளர் யார் என்று மாரியம்மா கேட்டார். இனிமேல்தான் போடுவார்களாம்.

ஒரிஜினலையும் மாரியம்மா கொடுக்கவில்லை. நகல்தான் கொடுத்தார். அது சரிதான். கல்லூரிகள் அசல் சான்றிதழைச் சரிபார்த்து உடனே திருப்பித் தர வேண்டும், பிடித்து வைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் அறிவித்திருக்கிறது. அசல் அவர்கள் கையில் இருந்தால், பிள்ளை வேறு கல்லூரிக்கு மாற முடியாமல் தவிக்கும்.

பஸ்ஸில் வேணி பேசவே இல்லை. அந்தச் சிவப்புத் தடம் அவள் கண்ணிலேயே நின்றது.

மறுநாள் இரண்டாவது கல்லூரி. மைதானம் மண்தான். ஓரத்தில் புல் முளைத்திருந்தது. வேணியின் முகம் வாடியது.

பயிற்சியாளர் ஒரு பெண். அவர் முதலில் சர்டிபிகேட்டைக் கேட்கவில்லை. “எந்தக் காலை முன்னால் நீட்டித் தடை தாண்டுவாய்? இரண்டு தடைக்கு நடுவில் எத்தனை எட்டு?” என்று கேட்டார். வேணிக்கு உற்சாகம் வந்துவிட்டது. அரைமணி நேரம் இருவரும் அதையே பேசினார்கள்.

மாரியம்மா ஹாஸ்டலுக்குப் போனார். பிள்ளையைச் சேர்க்கும் முன் அங்கே இருக்கும் பெண்களிடம் தனியாகப் பேசிப் பார்க்க வேண்டும். அலுவலகம் சொல்லாததை அவர்கள் சொல்வார்கள். காலையில் முட்டை உண்டா, பால் உண்டா? காய்ச்சல் வந்தால் யார் கூட்டிப் போவது? போட்டிக்குப் போன நாளுக்கு வருகைப் பதிவு தருகிறார்களா? போட்டி நாளில் தேர்வு வந்தால் என்ன செய்கிறார்கள்?

ஒரு பெண் முழங்காலில் கட்டுப் போட்டு உட்கார்ந்திருந்தாள். எட்டு மாதமாக அவள் ஓடவில்லை.

“உன்னை வெளியே போகச் சொல்லவில்லையா தாயி?”

“இல்லை அம்மா. கட்டணமும் கேட்கவில்லை. மூன்றாம் ஆண்டு படிக்கிறேன்.”

மாரியம்மா அதை நோட்டில் எழுதிக்கொண்டார்.

ஒரு குறையும் இருந்தது. வேணி பி.காம். படிக்க ஆசைப்பட்டாள். அதில் விளையாட்டு இடம் நிரம்பிவிட்டது. பி.ஏ. வரலாறுதான் இருந்தது. இது சின்னக் குறை இல்லை. ரயில்வேயிலும் போலீசிலும் விளையாட்டு வீரர்களுக்கு வேலை உண்டு. ஆனால் பெரிய போட்டிகளில் வென்றவர்களுக்கே அது கிடைக்கும். மற்றவர்களுக்குப் படித்த படிப்புதான் கை கொடுக்கும்.

“நீதான் ஓடப் போகிறாய். நீதான் படிக்கப் போகிறாய். சொல்லு” என்றார் அம்மா.

வேணி மண் மைதானத்தைப் பார்த்தாள். “போட்டிக்கு முன்னால் சிந்தெடிக் தடத்தில் பயிற்சி உண்டா டீச்சர்?”

“டவுனுக்குக் கூட்டிப் போவேன். வாரம் இரண்டு நாள்.”

“வரலாறு எனக்குப் பிடிக்கும் அம்மா. பள்ளியிலும் அதில்தான் நல்ல மார்க்.”

படிவத்தை வேணி இரண்டு தடவை படித்துச் சொன்னாள். அதன் பிறகுதான் மாரியம்மா பேனாவைக் கையில் வாங்கினார். தன் பெயரை முழுதாக எழுதினார். ஒரிஜினல் சர்டிபிகேட்டுகளை எண்ணிப் பார்த்து மஞ்சள் பையில் வைத்தார். மூணாறு பஸ்ஸுக்கு இன்னும் அரைமணி நேரம் இருந்தது.