ஸல்ஸா என்னும் மெக்ஸிகோ தேசத்துத் துவையல்

மிளகாயும் தக்காளியும் நம் தேசத்துப் பூர்வீகப் பயிர்கள் அல்ல. காட்டு மிளகாயைத் தோட்டப் பயிராக்கியவர்கள் மெக்ஸிகோ தேசத்துக் குடியானவர்கள். தக்காளியின் காட்டினம் தென்னமெரிக்காவைச் சேர்ந்ததாயினும், அதைப் பெரிய பழமாகத் திருத்தியவர்களும் அவர்களே. இவ்விரண்டையும் சேர்த்தரைத்த துவையலே ஸல்ஸா. உப்பிட்டது என்னும் பொருளுடைய லத்தீன் சொல்லினின்றும் பிறந்த ஸ்பானியப் பெயர் இது. பண்டமோ ஸ்பானியருக்கு முந்தியது. 1521-ல் அவர்கள் ஆஸ்டெக் தலைநகரைக் கைப்பற்றிய பின், அந்நாட்டு வழக்கங்களைத் திரட்டியெழுதிய ஸஹகூன் என்னும் பாதிரியார், சந்தையில் மிளகாய், தக்காளி, பூசணிவிதை ஆகியவை கலந்த குழம்புகள் விற்கப்பட்டதைக் குறித்துள்ளார். வெங்காயம், கொத்தமல்லி, எலுமிச்சை ஆகியவை ஸ்பானியர் கப்பலில் வந்து பிற்பாடு சேர்ந்தவை.

பச்சையாகப் பொடிதாய் நறுக்கிச் சேர்ப்பது 'பிகோ தே காயோ'. இதில் அரைப்பே கிடையாது. சுட்ட தக்காளியையும் மிளகாயையும் முக்காலுடைய கருங்கல் உரலில் அரைப்பது சிவப்பு ஸல்ஸா. யுகாத்தான் பகுதியில் வறுத்த பூசணிவிதையைத் தக்காளியோடு அரைக்கிறார்கள். பழுத்த ஹலபேன்யோ மிளகாயைப் புகையில் உலர்த்தினால் அது சிபோட்லே எனப் பெயர் மாறி, வேறொரு ருசி தருகிறது.

பச்சை ஸல்ஸாவைத் தக்காளிக் காயில் செய்வதாகச் சிலர் எண்ணுவது தவறு. அதற்குரியது டொமாட்டில்லோ, நம் வயல்களில் களையாக முளைக்கும் சொடக்குத்தக்காளியின் இனம். காய்க்கு மேல் காகிதம் போன்ற உறை உண்டு. இதைப் பயிரிட விரும்புவோர் ஒன்று கவனிக்க வேண்டும்: தன் மகரந்தம் தனக்கே உதவாதாகையால், ஒற்றைச் செடி பூத்துக் குலுங்குமேயன்றிக் காய் பிடிப்பது அரிது. விதையிலிருந்து எழுந்த இரண்டு செடிகளேனும் அருகருகே வேண்டும். தேனீக்களும் வேண்டும்.

விலை வீழ்ந்த காலத்தில் மிஞ்சிய தக்காளியை ஸல்ஸாவாக்கிப் போத்தலில் அடைக்கலாமென்பது நல்ல யோசனையே; ஆனால் அபாயமும் அதில்தான் இருக்கிறது. மிளகாயும் வெங்காயமும் புளிப்பற்றவை. அவை மிகுந்தால் கலவையின் புளிப்பு குறையும். பி.எச். அளவு 4.6-க்கு மேற்பட்டால், காற்றுப் புகாத போத்தலுக்குள் பாட்டுலிசம் என்னும் உயிர்க்கொல்லி நோயின் கிருமி வளர்ந்து விஷத்தைக் கக்கும். நாற்றமோ நிறமாற்றமோ காட்டிக்கொடுக்குமென்று நம்பலாகாது. கொதிநீரின் சூட்டுக்கு இக்கிருமியின் வித்துக்கள் சாவதில்லை. ஆகையால் சோதித்தறிந்த செய்முறையில் கண்ட அளவுப்படியே காடியோ எலுமிச்சைச் சாறோ சேர்க்க வேண்டும். காரத்துக்காக மிளகாயைக் கூட்டுதல் கூடாது. அத்தகைய செய்முறை கைவசம் இல்லாதோர், அரைத்ததைக் குளிர்பெட்டியில் வைத்து ஓரிரு நாட்களில் உண்டு தீர்ப்பதே தக்கது.