வாயு அடுப்பும் முரண்படும் விதிகளும்

நம் சங்கத்து அன்பர்களில் பலர் விடுதியில் இடம் கிடைக்காமல் டில்லியின் சந்துகளில் அறை எடுத்துத் தங்கியிருப்பவர்கள். இட்லித் தட்டும் குக்கரும் ஊரிலிருந்து நம்மோடு வந்துவிடுகின்றன. அடுப்பு மட்டும் வீட்டுக்காரருடையது. நேற்றுவரை சிலிண்டர் நின்ற சமையலறைக்கு இன்று குழாய் வழியே இயற்கை வாயு வருகிறது. அதனோடு புதிய விதிகளும் வருகின்றன. காற்றுத் துவாரம் தரையோரம் இருக்கவேண்டும் என்கிறார் ஒருவர். கூரையோரம் இருக்கவேண்டும் என்கிறார் மற்றொருவர். இருவர் கையிலும் அச்சடித்த தாள் இருக்கிறது. எவர் சொல்லைக் கேட்பது?

நான் பௌதிகம் பயிலும் மாணவன். சட்டம் பயின்றவன் அல்லன். எனினும் இவ்விதிகளை எடுத்துப் படித்துப் பார்த்தபோது, முரண்பாட்டைத் தீர்க்கும் வழி பெரும்பாலும் பௌதிகத்திலேயே இருக்கக் கண்டேன்.

முரண்பாடு ஏன் பிறக்கிறது என்பதை முதலில் பார்ப்போம். விதிகளை எழுதியது ஒரே கை அன்று. சிலிண்டர் வாயு வழங்குவதற்கு 2000ஆம் ஆண்டின் மத்திய அரசு ஆணை ஒன்று உண்டு; எண்ணெய்க் கம்பெனிகளும் அவற்றின் ஏஜென்சிகளும் அதன்கீழ் நடக்கின்றன. குழாய் வாயுவோ 2006ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஏற்பட்ட பெட்ரோலிய, இயற்கை வாயு ஒழுங்குமுறை வாரியத்தின் ஆட்சிக்கு உட்பட்டது; நகரக் குழாய்களுக்கான பாதுகாப்பு விதிகளை அவ்வாரியம் 2008இல் வெளியிட்டது. அடுப்பின் தரத்தை வகுப்பது இந்தியத் தர நிர்ணய அமைவனம். கட்டிடம் நகராட்சியின் பொறுப்பு. இத்தனைக்கும் மேலே, அடுப்பு செய்தவர் பெட்டிக்குள் வைத்து அனுப்பும் சிறு புத்தகம். ஒவ்வொருவரும் தம் கண்ணுக்குப் பட்ட அபாயத்தை மனத்தில் வைத்து எழுதினார்கள். அவை அனைத்தும் நான்கடிச் சமையல் மேடையில் வந்து கூடும்போது மோதாமல் என் செய்யும்?

இம்மோதலை வெளிப்படையாக ஒப்புக்கொண்டு அதற்கும் விதி எழுதியிருப்பவர்கள் அமெரிக்கர்கள். அந்நாட்டில் வீட்டு வாயுக் குழாய்க்கு ஒரே தேசியச் சட்டம் இல்லை. சங்கங்கள் மாதிரி விதித் தொகுதிகளை எழுதுகின்றன. மாநிலங்களும் நகரங்களும் தமக்கு உகந்ததை ஏற்கின்றன. சர்வதேச எரிவாயு விதித்தொகுதியை ஒட்டியது நியூயார்க் மாநிலத்தின் சட்டம். கலிபோர்னியா தன் குழாய்வேலைச் சட்டத்துக்கு மூலமாகக் கொண்டது ஒருசீர்க் குழாய்வேலை விதித்தொகுதி எனப்படும் வேறொன்றை. குழாய் பதித்த பின் கசிவு உண்டா என்று காற்றடைத்துச் சோதிப்பதில் இவை இரண்டும் ஒத்துப்போவதில்லை. முதலாவது, உபயோக அழுத்தத்தின் ஒன்றரை மடங்கு, குறைந்தது சதுர அங்குலத்துக்கு 3 பவுண்டு என்கிறது. ஒரு குடும்பம் வாழும் வீட்டுக்கு 10 நிமிஷம் போதும். இரண்டாவது, குறைந்தது 10 பவுண்டு, குறைந்தது 15 நிமிஷம் என்கிறது.

எண் பெரியதானால் சோதனை சிறந்தது என்று உடனே முடிவு கட்டிவிடக் கூடாது. 10 பவுண்டு அழுத்தத்தில் அடைத்த காற்றின் முழு அழுத்தம், வாயுமண்டலத்தின் 14.7ஐயும் சேர்த்து 24.7 பவுண்டு. அறையின் உஷ்ணநிலை சுமார் 300 கெல்வின் எனக் கொண்டால், ஒரு டிகிரி குளிர்ந்ததும் அழுத்தம் 0.08 பவுண்டு இறங்கும். பத்தில் ஒரு பவுண்டுக் கோடுகள் உள்ள மானியில் இது ஏறக்குறைய ஒரு கோடு! கசிவே இல்லாத குழாய் கசிவதுபோல் தோன்றும். வெயில் ஏறும் வேளையானால் மெய்யான கசிவே மறைந்தும் போகும். மானியும் பொருத்தமாக இருக்கவேண்டும். 100 பவுண்டு வரை காட்டும் மானியை மாட்டி 3 பவுண்டைப் படிப்பது, மூட்டை நிறுக்கும் தராசில் தங்கம் நிறுப்பதை ஒக்கும். சோதனை அழுத்தத்தின் ஐந்து மடங்குக்கு மேல் மானியின் எல்லை போகலாகாது என்று முதல் தொகுதி சொல்வது இதனால்தான். மேலும், அடுப்பின் வால்வு அத்தனை அழுத்தத்துக்கு ஆனதன்று. ஆகவே சோதனைக்கு முன் அடுப்பைக் கழற்றி, குழாயின் வாயை மூடிவிட வேண்டும்.

இரண்டில் எது செல்லும்? அந்த ஊர் எதை ஏற்றுச் சட்டமாக்கியதோ அது செல்லும். மற்றது நல்ல புத்தகம், அவ்வளவே. ஒரே தொகுதிக்குள் இரு வாசகங்கள் முரண்பட்டால், பொதுவாகச் சொன்னதைக் காட்டிலும் குறிப்பாகச் சொன்னது மேல். விதியை விட அடுப்பு செய்தவரின் குறிப்புக் கடுமையானால் குறிப்பே செல்லும். இவற்றிலெல்லாம் எனக்குப் பிடித்தது, இறுதித் தீர்ப்பைச் சோதிக்க வரும் அலுவலரிடம் விட்டு, அவரையும் விதிக்குக் கட்டுப்பட்டவராக்கியிருப்பது.

"கடுமையானதே மேல்" என்ற வாய்பாட்டை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு நம் சமையலறைக்குக் கொண்டுவர முடியாது. இரு விதிகளும் ஒரே அபாயத்தைத் தடுக்க எழுந்தவையானால்தான் அது பொருந்தும். நாங்கள் மூவர் தங்கியிருக்கும் வீட்டில் தரையோரம் கம்பிவலை போட்ட துவாரம் ஒன்று உண்டு. மேலே இருந்த துவாரத்தைப் புறாத்தொல்லைக்கும் மார்கழிக் குளிருக்கும் அஞ்சி வீட்டுக்காரர் அட்டை வைத்து அடைத்திருந்தார். குழாய் போட வந்த பிட்டர், மேல் துவாரத்தைத் திறந்தாலன்றி இணைப்புத் தர முடியாது என்றார். "சிலிண்டர் ஏஜென்சி ஆள் பார்த்துச் சரி என்று எழுதிக் கொடுத்திருக்கிறாரே!" என்று வீட்டுக்காரர் பழைய தாளை நீட்டினார். எங்களோடு தங்கியிருக்கும் அண்ணன் சமரசம் பேசினார்: கீழ்த் துவாரத்தை இன்னும் பெரிதாக இடித்துவிட்டால் இரண்டுக்கும் ஆயிற்றே என்று.

ஆகாது. சிலிண்டரில் உள்ளவை புரொபேனும் பியூட்டேனும். அவற்றின் மூலக்கூற்று எடை 44, 58. காற்றினுடையது ஏறக்குறைய 29. கசிந்தால் தண்ணீர்போல் தரையில் தேங்கும். குழாயில் வருவது பெரும்பாலும் மெதேன், எடை 16. அது கூரையை நோக்கி எழும். காற்றில் நூற்றுக்கு 5 பங்கு சேர்ந்துவிட்டால் ஒரு பொறி போதும். தரைத் துவாரத்தை வாசற்கதவு அளவுக்குப் பெருக்கினாலும், கூரையடியில் தங்கும் மெதேனுக்கு அது வழியாகாது. ஏஜென்சி ஆளும் பிட்டரும் தத்தம் வாயுவுக்குச் சரியாகவே சொன்னார்கள். வாயு மாறியபோது தாளின் உயிரும் போயிற்று. அதை வீட்டுக்காரருக்கு எவரும் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் இப்போது இரண்டு துவாரங்களும் திறந்திருக்கின்றன. புறாக்களுக்கு வலை போட்டாயிற்று.

அடுப்பும் அப்படியே. சிலிண்டர் அடுப்புக்கு ஐ.எஸ். 4246, குழாய் வாயு அடுப்புக்கு ஐ.எஸ். 17153 எனத் தரங்கள் வேறு. ஒரு கன மீட்டருக்குச் சிலிண்டர் வாயு தரும் உஷ்ணம், இயற்கை வாயு தருவதைப்போல் இரண்டரை மடங்குக்கு மேல். எனவே இயற்கை வாயுவுக்கு ஜெட்டின் துளை பெரிதாக இருக்கவேண்டும். துளை பெரிதாக்கிய அடுப்பில் யாரேனும் மறுபடி சிலிண்டரை மாட்டினால் மஞ்சள் ஜுவாலை எழும், பாத்திரம் கறுக்கும், கார்பன் மோனாக்சைடு பிறக்கும். அறை மாறும்போது அடுப்பையும் தூக்கிச் செல்லும் நண்பர்கள் இதைக் கவனிக்க.

கார்பன் மோனாக்சைடு என்றதும் குளியலறைக் கீசரைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. வடநாட்டுக் குளிர்காலத்தில், ஜன்னலை இறுகச் சாத்திக்கொண்டு வாயுக் கீசரில் குளித்தவர்கள் மாண்டுபோன செய்தி ஆண்டுதோறும் வருகிறது. இங்கே மேல் துவாரமா, கீழ்த் துவாரமா என்ற வழக்குக்கே இடமில்லை. கார்பன் மோனாக்சைடின் மூலக்கூற்று எடை 28. காற்றோடு காற்றாய்க் கலந்து நிற்கும். மணமில்லை, நிறமில்லை. இரத்தத்தின் ஹீமோகுளோபினைப் பிராணவாயுவை விட இருநூறு மடங்குக்கு மேல் வலுவாகப் பற்றும். குழாயில் கசிவில்லை என்று சோதித்துக் கையெழுத்திட்டவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அவர் பார்த்தது எரியாத வாயுவை. எரிந்தபின் வருவது எங்கே போகிறது என்பதற்கு அந்தக் கையெழுத்தில் விடை கிடையாது.

ஆகையால், இரண்டு தாள்கள் மோதும்போது நான் கேட்கும் கேள்விகள் இவை: எந்த வாயுவுக்கு எழுதியது? கசிவைத் தடுக்கவா, புகையைத் தடுக்கவா? இந்த ஊரில் அது சட்டமா, யோசனை மட்டுமா? இவற்றுக்குப் பிறகும் ஐயம் நின்றால், இணைப்புத் தரும் கம்பெனிக்கு எழுதி, எழுத்திலேயே பதில் வாங்குவது நல்லது. அதுவும் சுவரைப் பூசுவதற்கு முன்பே வாங்கிவிட வேண்டும். பூசிய சுவரை உடைக்க எந்த வீட்டுக்காரரும் சம்மதிக்க மாட்டார்.

கார்த்திகை பிறந்ததும் புது அறை தேடப் போகிறவர்கள், வாடகையைப் பேசும் முன் குளியலறையை ஒருமுறை எட்டிப் பாருங்கள். வாயுக் கீசர் உள்ளே மாட்டியிருந்தால், அதன் புகைக்குழாய் சுவரைத் துளைத்து வெளியே போகிறதா என்று பாருங்கள். குழாயே இல்லையென்றால், கீசரை வெளித் தாழ்வாரத்துக்கு மாற்றித் தரச் சொல்லுங்கள். மாற்றும் வரை முன்பணம் கொடுக்க வேண்டாம்.