தண்டனைக்குப் பின்னும் வழி உண்டு

நெய்யாறு கடலில் கலக்கும் பூவார் என் ஊர். விடியலில் மீன் விற்கப் புறப்படும் தாய்மார் என்னிடம் கேட்பதுண்டு: "பிள்ளையை விட்டுட்டுப் போறோமே மக்கா, கேஸ் வருமா?"

2015ஆம் ஆண்டுச் சிறார் நீதிச் சட்டத்தின் 75ஆம் பிரிவு, குழந்தையை வேண்டுமென்றே புறக்கணிப்பவருக்கு 3 ஆண்டு வரை சிறையோ, ஒரு லட்சம் ரூபாய் அபராதமோ, இரண்டுமோ விதிக்கிறது. 'வேண்டுமென்றே' என்பதே அதன் உயிர்ச்சொல். வறுமை வேறு, புறக்கணிப்பு வேறு.

கீழ்க்கோர்ட்டு இவ்வேற்றுமையைக் காணத் தவறினால் அப்பீல் உண்டு. மாஜிஸ்திரேட்டின் தீர்ப்பை எதிர்த்து செஷன்ஸ் கோர்ட்டுக்குச் செல்ல 30 நாள். செஷன்ஸ் தீர்ப்பை எதிர்த்து எர்ணாகுளம் உயர்நீதிமன்றம் செல்ல 60 நாள். அப்பீலால் மட்டும் சிறை நின்றுவிடாது. தண்டனையை நிறுத்திவைக்கத் தனி மனு வேண்டும். வருமானம் பாராமல் பெண்களுக்கு இலவச வக்கீல் கிடைக்க 1987ஆம் ஆண்டுச் சட்டம் வழிசெய்கிறது.

ஆய்வுக்கூடத்தில் ஒரே அளவை இருமுறை நிறுத்துப் பார்க்கிறோம். ஒரு தாயின் வாழ்வுக்கு அது வேண்டாமா? விடுமுறையில் ஊர் சென்றால், நாலு பேருக்குச் சொல்லுங்கள்.