மண்மேட்டு வேலையா? மழையில் நடக்கப் பழகுங்கள்

சுரங்கக் கழிவு மண்மேட்டைச் சீரமைக்கும் பிரிவில் வேலை கிடைத்திருக்கிறதா? சிவில், மைனிங், வேளாண்மை என்று எதைப் படித்துவிட்டு வந்திருந்தாலும், மேலிடம் அடிக்கடி கேட்கப்போவது எத்தனை கன்று நட்டீர்கள் என்பதைத்தான். அந்தக் கணக்கைக் கொடுத்துவிடுங்கள். உங்கள் கண் மட்டும் தண்ணீர் மேல் இருக்கட்டும். வடிகால் சரியில்லாத மேட்டில் நட்ட கன்று, அடுத்த ஐப்பசியில் மண்ணோடு அடிவாரத்துக்கு வந்துவிடும்.

நெய்வேலியில் ஒரு டன் பழுப்பு நிலக்கரி எடுக்கப் பல டன் மண்ணை அகற்ற வேண்டியிருக்கிறது. அப்படிக் கொட்டிய மண்ணில் இறுக்கம் கிடையாது. வடகிழக்குப் பருவமழையோ சில நாளில் மொத்தமாகக் கொட்டித் தீர்க்கும் ரகம்.

நிலக்கரிச் சுரங்க விதிகளின்படி மேட்டின் சரிவு 37.5 டிகிரியைத் தாண்டக் கூடாது. உயரம் 30 மீட்டரைத் தாண்டினால் படி விட வேண்டும். நேர்காணலுக்கு இது போதும். களத்தில் செடி வேர்பிடிக்கச் சரிவை இன்னும் குறைக்க வேண்டும். சுற்றுச்சூழல் அனுமதிகளில் பொதுவாக 28 டிகிரி என்றே நிபந்தனை இருக்கும்.

வேலையின் உயிர்நாடி படிகளில்தான். படியின் தளம் உட்புறம் சாய்ந்திருக்க வேண்டும். அங்கே சேரும் நீர் பக்கவாட்டில் ஓடி இறக்கு வாய்க்காலில் விழ வேண்டும். புது மேடு வருடக்கணக்கில் அமுங்கிக்கொண்டே இருக்கும். உள்ளே சாய்ந்திருந்த படி ஒரு நாள் வெளியே சாயும். விளிம்பில் விரல் அகலத்துக்குத் தொடங்கிய அரிப்பு, மழை முடிவதற்குள் ஆள் இறங்கும் பள்ளமாகிவிடும். சிமெண்டு வாய்க்காலை நம்பாதீர்கள். மேடு அமுங்கும்போது அது விரிசல் விட்டு, தண்ணீர் அடியில் புகுந்து மண்ணைக் குடைந்துவிடும். மேலே பார்த்தால் வாய்க்கால் புதிது போலவே இருக்கும். கம்பியால் தட்டுங்கள், உள்ளே பொந்து இருப்பது சத்தத்தில் தெரியும். கம்பிவலைக்குள் கல் அடுக்கிக் கட்டியது மேட்டோடு சேர்ந்து வளைந்து கொடுக்கும். என் ஓட்டு அதற்குத்தான்.

தேங்காய் நார் வலை, வெட்டிவேர், தனியே சேர்த்துவைத்த மேல்மண் எல்லாம் இதற்குப் பிறகு.

மழை பெய்யும்போதே, பாதுகாப்பான தூரத்தில், துணைக்கு ஒருவரோடு சுற்றிவாருங்கள். உச்சியில் பிறை வடிவ விரிசலோ, அடியில் புதிய ஊற்றோ தெரிந்தால் கீழே இருப்பவர்களை உடனே அப்புறப்படுத்துங்கள். அறிக்கை பிறகு எழுதலாம். வேல்ஸில் அபர்ஃபான் ஊருக்கு மேலே, ஊற்றின் மீதே நிலக்கரிக் கழிவைக் கொட்டிவந்தார்கள். 1966 அக்டோபர் 21 அன்று அது சரிந்து 144 பேர் இறந்தார்கள். அவர்களில் 116 பேர் குழந்தைகள்.

கடைசியாக, மேட்டிலிருந்து வரும் சேற்றைத் தேக்கும் வண்டல் குட்டையைத் தூர்வாரும் மதிப்பீட்டை ஜூன் மாதமே மேலிடத்தின் மேசைக்கு அனுப்புங்கள். செப்டம்பரில் அனுப்பினால், டெண்டர் முடிந்து பொக்லைன் வருவதற்குள் குட்டை நிரம்பி, சேறு பக்கத்து வயலில் இறங்கியிருக்கும்.